சாந்தினி சவுக்கில் ஓர் இலிஷ் மீன் சாப்பாடு, டெர்பிக்கு மூன்று நாள் முன்னால்

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. கொல்கத்தா சாந்தினி சவுக் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, ஒயரும் பல்பும் பழைய ரேடியோ பாகங்களும் விற்கும் சந்துகளுக்குள் நடந்தால், ஒரு மாடிப்படிக்குக் கீழே கரும்பலகை ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அன்றைய மீன்கள் சாக்குக்கட்டியால் வங்காளத்தில் எழுதியிருக்கும். மேலே சிவப்பும் மஞ்சளுமாக வெளுத்துப்போன ஒரு கொடி. அதுதான் கடை. ஆறு பெஞ்சுகள். நெருக்கி உட்கார்ந்தால் இருபத்து நான்கு பேர் சாப்பிடலாம்.

நான் வியாசர்பாடிக்காரன். வங்கி வேலையில் மாற்றலாகி 2023 ஜூலையில் கொல்கத்தா வந்தேன். அலுவலகம் டல்ஹௌசியில். மதியச் சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் நடந்து இந்தக் கடைக்கு வருவது ஓராண்டுக்கும் மேலான பழக்கம். இதுவரை இதைப் பற்றி எழுதத் தோன்றியதில்லை. இந்த வாரம் வேறு எந்த இடத்திலும் சோறு சரியாக இறங்கவில்லை, இங்கே மட்டும் இறங்கியது. அதனால் எழுதுகிறேன்.

நாளை, 2024 அக்டோபர் 19, சால்ட் லேக் மைதானத்தில் டெர்பி. அதாவது இந்த ஊரின் பரம எதிரிகளான இரண்டு கால்பந்து அணிகள், ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும், மோதுகின்றன. எங்கள் அணி ஈஸ்ட் பெங்கால். இந்த ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பருவத்தில் நான்கு ஆட்டம் ஆடிவிட்டது. நான்கிலும் தோல்வி. ஒரு புள்ளிகூட இல்லை.

பெங்களூரில் தோற்றோம். கொச்சியில் எங்கள் விஷ்ணு முதல் கோல் போட்ட பிறகும் 2-1 என்று தோற்றோம். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன், வெளியூர் ஆட்டம், ஆரம்பம்தான் என்று சொல்லிக்கொண்டேன். செப்டம்பர் 27 தான் தாங்கவில்லை. சொந்த மைதானம். எதிரணி கோவா. மூன்று கோலையும் போட்டவர் போர்ஹா ஹெரேரா. முந்தைய பருவத்தில் எங்கள் சிவப்பு-மஞ்சள் சட்டையைப் போட்டு ஆடியவர். அவர் பெயரைச் சொல்லி நானே கேலரியில் கத்தியிருக்கிறேன். அன்றைக்கு ஒவ்வொரு கோலுக்கும் என் வயிற்றில் ஏதோ கழன்று விழுந்தது. 3-2. ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது என் பக்கத்தில் நடந்த ஒரு பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல், தன் தோளில் கிடந்த கொடியை மடித்து மடித்துச் சின்னதாக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். மூன்று நாள் கழித்து பயிற்சியாளர் கார்லஸ் குவாத்ராத் விலகிவிட்டார். அப்புறம் அக்டோபர் 5, ஜம்ஷெட்பூரில் 2-0. அதே நாளில் மோகன் பகான் இந்த ஊரின் இன்னொரு அணியான முகமதன் ஸ்போர்ட்டிங்கை 3-0 என்று அடித்துப்போட்டது.

கோவா ஆட்டத்துக்கு மறுநாள் மதியம் இந்தக் கடைக்கு வந்தேன். அலுவலக நண்பர் ஒருவர், மோகன் பகான் குடும்பம், காலையிலேயே எனக்கு இறால் படம் ஒன்று அனுப்பியிருந்தார். இந்த ஊரில் அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் பாங்கால், அவர்கள் மீன் இலிஷ் (ஹில்சா), அவர்கள் அணி ஈஸ்ட் பெங்கால். மேற்கு வங்கத்துப் பூர்வகுடிகள் கோட்டி, அவர்களுக்கு இறால், மோகன் பகான். எந்த அணி ஜெயிக்கிறதோ அந்த அணியின் மீனுக்கு மறுநாள் சந்தையில் விலை ஏறும் என்பது கொல்கத்தாவின் பழைய பேச்சு.

கடையில் அன்று கூட்டம் இருந்தது. முக்கால்வாசிப் பேர் எங்கள் ஆட்கள்தான், எனக்கு முகம் தெரியும். ஒருவர்கூட ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. கடைக்காரரை நான் காக்கு என்று கூப்பிடுவேன், சித்தப்பா என்று அர்த்தம். வயது அறுபதுக்கு மேல். அவர் அப்பா 1948இல் கிழக்கு வங்கத்துப் பரிசாலிலிருந்து வந்தவர். காக்கு என் இலையில் சோற்றைப் போட்டுவிட்டு, நான் கேட்காமலே ஒரு பச்சை மிளகாயும் எலுமிச்சைத் துண்டும் வைத்தார். "முதலில் சாப்பிடு பாபா" என்றார். அவ்வளவுதான். துக்க வீட்டில் உபசரிப்பது போல இருந்தது அந்தக் கடையில் அன்று பரிமாறிய விதம். இந்தக் கடையின் சேவைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன் என்றால் அந்த ஒரு மதியத்துக்காகவே கொடுப்பேன்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன்.

இந்த வாரம் புதன்கிழமை, 16ஆம் தேதி, கோஜாகரி லட்சுமி பூஜை. வங்கிக்கு விடுமுறை. ஆனாலும் ரயில் பிடித்து இங்கே வந்தேன். காரணம் உண்டு. கிழக்கு வங்கக் குடும்பங்களில் பலருக்கு இலிஷுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சில வீடுகளில் விஜயதசமியோடு, சில வீடுகளில் லட்சுமி பூஜையோடு இலிஷை நிறுத்திவிடுவார்கள். பிறகு சரஸ்வதி பூஜை அன்றுதான் ஜோடி இலிஷ் வாங்கி மறுபடி தொடங்குவார்கள். நடுவில் மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று பெரியவர்கள் வைத்த வழக்கமாக இருக்கலாம். பங்களாதேஷ் அரசே இந்த அக்டோபர் 13 முதல் நவம்பர் 3 வரை இலிஷ் பிடிக்கத் தடை போட்டிருக்கிறது. காக்கு வீட்டில் லட்சுமி பூஜை வரைக்கும்தான். ஆக புதன்கிழமைதான் இந்தக் கடையில் இந்த ஆண்டின் கடைசி இலிஷ். டெர்பிக்கு மூன்று நாள் முன்னால். எனக்கு அதைத் தவறவிட மனம் வரவில்லை.

நான்கு வகை இருந்தது. நான் மூன்று சாப்பிட்டேன்.

முதலில் இலிஷ் எண்ணெய். மீனை வறுக்கும்போது அதன் கொழுப்பு உருகிக் கடுகெண்ணெயோடு கலந்துவிடும். அந்த எண்ணெயைக் கரண்டியால் எடுத்துச் சூடான சோற்றில் ஊற்றுவார்கள். உப்பு, பச்சை மிளகாய், வேறொன்றும் கிடையாது. நம் ஊரில் சூடு சோற்றில் நெய்யும் பருப்பும் பிசைந்து முதல் கவளம் சாப்பிடுவோமே, அந்த இடத்தில் இவர்களுக்கு இது. மீன் வாசனை தூக்கலாக இருக்கும், முதல் முறை எனக்குக் குமட்டியது உண்மை. மூன்றாம் முறையிலிருந்து இதற்காகத்தான் வருகிறேன். கூடவே வறுத்த சினை ஒரு துண்டு. அக்டோபர் மீனில் சினை நிறைய இருக்கும், ஆனால் சினை வைத்த மீனின் சதையில் ருசி குறையும். ஆடி ஆவணியில் சாப்பிட்ட மீனின் மணம் புதன்கிழமை மீனில் இல்லை. காக்குவே அதை ஒப்புக்கொண்டார்.

அடுத்து கடுகு இலிஷ். இதில்தான் கடையின் கைப்பக்குவம் தெரியும். கடுகைத் தவறாக அரைத்தால் கசந்துவிடும். இங்கே பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து, தண்ணீரைச் சிறுகச் சிறுகத் தெளித்து அம்மியில் அரைக்கிறார்கள். மூக்கில் ஏறும், ஆனால் நாக்கில் கசப்பு நிற்காது. துண்டு வாங்கும்போது வயிற்றுத் துண்டு வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் முதுகுத் துண்டு வந்துவிடும். முதுகில் பொடி முள் அதிகம், பழக்கமில்லாதவர்கள் திண்டாடிப் போவார்கள். காசிமேட்டு மீன் சாப்பிட்டு வளர்ந்த எனக்கே இலிஷ் முள்ளைப் பிரிக்கக் கற்றுக்கொள்ள மூன்று மாதம் ஆனது. விரல் நுனியால் சதையை அழுத்தி முள் ஓடும் திசையைக் கண்டுபிடித்து, அந்தத் திசையிலேயே உருவ வேண்டும். அவசரப்படக் கூடாது. இந்த வாரம் எனக்கு அது நல்ல மருந்தாக இருந்தது. முள் பார்த்துச் சாப்பிடும் அரை மணி நேரம் மனசு வேறெங்கும் போகவில்லை. கையில் போன் இல்லை, யார் காயம், யார் ஆடுவார்கள் என்ற பேச்சு இல்லை.

மூன்றாவது, இலிஷ் தலை போட்ட சேம்பங்கீரை. தண்டும் கீரையுமாகக் குழைய வேகவைத்து, தலையை உடைத்துப் போட்டுக் கிளறியது. நான்கில் இதுதான் என் முதல் தேர்வு. படம் எடுத்தால் அழகாக இருக்காது. சாப்பிட்டால் எழுந்திருக்க மாட்டீர்கள்.

நான்காவது, கத்தரிக்காயும் கருஞ்சீரகமும் போட்ட தண்ணிக் குழம்பு. நான் போவதற்குள் தீர்ந்துவிட்டது.

மினிகெட் அரிசிச் சோறு, மசூர் பருப்பு, தீக்குச்சி போலச் சீவிய உருளைக்கிழங்கு வறுவல், எல்லாம் சேர்ந்து 70 ரூபாய். இலிஷ் துண்டு 300. கீரை 60. எண்ணெய்க்குக் காசு வாங்குவதில்லை. தட்டின் மேல் வாழை இலை போட்டுத் தருகிறார்கள், அதற்குத் தனியாக 5 ரூபாய். கொல்கத்தாவின் பழைய சோற்றுக் கடைகளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்குதான். வாழை இலைக்குக் காசா என்று முதல் நாள் எனக்கு ஆச்சரியமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. ஒரு கிலோ எடையுள்ள மீன் சந்தையில் 1,500 ரூபாய்க்கு மேல் போகும் பருவத்தில் 300 ரூபாய் நியாயமான விலை.

குறைகளையும் சொல்ல வேண்டும். மதியம் இரண்டரை மணிக்கு மேல் வராதீர்கள், சோறு ஆறி விறைத்துவிடுகிறது, பருப்பு தண்ணீராகிவிடுகிறது. கை கழுவும் இடம் ஒன்றே ஒன்று, தரை எப்போதும் ஈரம், வயதானவர்களை அழைத்து வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடுகெண்ணெய் தாராளம். நல்லெண்ணெயில் வளர்ந்த வயிறு முதல் வாரம் முரண்டு பிடிக்கும். சைவச் சாப்பாடு உண்டு, ஆனால் அதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டாம். என் மனைவி ஒரு முறை வந்துவிட்டு, "ஏங்க, சாப்பாடு அருமை, ஆனா அந்தப் படிக்கட்டுக்குக் கீழே மூச்சு முட்டுது" என்றாள். அதுவும் உண்மைதான்.

சுவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எண்ணெய்ப் பிசுக்கேறிய இரண்டு சட்டங்கள். ஒன்றில் 1975 செப்டம்பர் 30, ஐஎஃப்ஏ ஷீல்டு என்ற பழைய கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் பற்றிய செய்தித்தாள் துண்டு. ஈஸ்ட் பெங்கால் 5, மோகன் பகான் 0. ஷ்யாம் தாப்பா மட்டும் இரண்டு கோல். இன்னொன்றில் எங்கள் அணியின் ஐந்து முன்கள வீரர்கள் வரிசையாக நிற்கும் படம். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. பஞ்ச பாண்டவர் என்பார்கள். 1949 முதல் 1951 வரை மூன்று ஆண்டும் தொடர்ந்து ஷீல்டை வென்ற காலத்து ஆட்கள். ஐவரும் தெற்கிலிருந்து வந்தவர்கள். நான் முதல் நாள் வந்து, மெட்ராஸ் என்று சொன்னதும், காக்கு அந்தப் படத்தைக் காட்டி "இவர்களும் உங்கள் பக்கத்து ஆட்கள்தான்" என்று சொல்லி அதற்கு நேர் கீழே இருக்கும் சுவரோரப் பலகையில் உட்கார வைத்தார். அன்றிலிருந்து அது என் இடம்.

அது 2023 ஆகஸ்ட் மாதம். அந்த மாதம் 12ஆம் தேதி டூரண்ட் கோப்பையில் என் முதல் டெர்பி. அதற்கு முன் நான்கரை ஆண்டுகளாக ஈஸ்ட் பெங்கால் இந்த ஆட்டத்தை ஜெயிக்கவே இல்லை. எனக்கு அப்போது இரண்டு அணியுமே புதுசு. சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் சிவப்பு-மஞ்சளில் ஆடுகிறான் என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பக்கத்து டிக்கெட் வாங்கினேன். 60ஆவது நிமிடம். வலப்பக்கமிருந்து உள்ளே வெட்டி, இடது காலால் தூர மூலைக்கு வளைத்துவிட்டான். 1-0. என்னைச் சுற்றி ஆண்கள் தேம்பி அழுதார்கள். யாரோ என் முகத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தார். வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் சின்ன வயதிலிருந்து பந்து பார்த்தவன் நான். அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் கேட்டதில்லை.

மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 3, அதே கோப்பையின் இறுதி ஆட்டம், அதே மோகன் பகான். அவர்களில் அனிருத் தாப்பா சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பத்து பேர்தான் எதிரில். சில நிமிடங்களில் அவர்களுடைய பெட்ராடோஸ் தனியாளாக ஓடிவந்து கோல் போட்டார். தோற்றோம். அன்றுதான் இந்த அணி எனக்கு விருந்தாளி அணியாக இல்லாமல் சொந்த அணி ஆனது என்று நினைக்கிறேன். ஜெயித்த இரவு வீடு திரும்பி நன்றாகத் தூங்கினேன், தோற்ற இரவு விடிய விடியக் கண்ணை மூட முடியவில்லை.

அப்புறம் 2024 ஜனவரியில் புவனேஸ்வரத்தில் சூப்பர் கோப்பையில் 3-1 என்று அவர்களை வென்றோம், கோப்பையும் எங்களுக்குத்தான், பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு ஒரு தேசியக் கோப்பை. ஆனால் ஐஎஸ்எல் என்று வந்துவிட்டால் கதை வேறு. இதுவரை எட்டு டெர்பி, ஏழு தோல்வி, ஒரு சமன். வெற்றி ஒன்றுகூட இல்லை. இதைத் தட்டச்சு செய்யும்போதே கை குளிர்கிறது.

இந்த ஆகஸ்ட் 18 டெர்பியும் நடக்கவில்லை. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவருக்கு நேர்ந்த கொடுமையால் ஊரே தெருவில் நின்றது. ஆட்டத்தை ரத்து செய்தார்கள். அன்று மாலை இரண்டு அணி ரசிகர்களும் மைதானத்துக்கு வெளியே ஒன்றாக நின்று நீதி கேட்டார்கள். முகமதன் ரசிகர்களும் வந்தார்கள். நானும் போனேன், இறால் படம் அனுப்பும் அதே நண்பரோடு. அதனால் நாளைய ஆட்டத்துக்குப் போகும்போது எதிர்ப் பக்கம் இருப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பயம்தான். அவர்கள் முன்களத்தில் மெக்லாரன், பெட்ராடோஸ், ஸ்டூவர்ட். எங்கள் தடுப்பாட்டமோ நான்கு ஆட்டத்தில் எட்டு கோல் வாங்கியிருக்கிறது.

இன்று வெள்ளிக்கிழமை மதியம் மறுபடி போனேன். கரும்பலகையில் இலிஷ் இல்லை. பாப்தா மீன், ரோகு, முட்டை. பாப்தா குழம்பு சாப்பிட்டேன், இஞ்சியும் கொத்தமல்லியும் போட்டு லேசாக, வயிற்றுக்கு இதமாக இருந்தது. ஒரு தட்டு 140 ரூபாய். பரபரப்பில் இருக்கும் வயிற்றுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

இன்று கடையில் பேச்சு இருந்தது. நீண்ட நாளுக்குப் பிறகு பேச்சு இருந்தது. புதிய பயிற்சியாளர் ஆஸ்கர் புருசோன் டாக்காவில் பசுந்தரா கிங்ஸுக்குப் பல லீக் பட்டங்கள் வாங்கித் தந்தவர் என்று ஒருவர் சொன்னார். "அப்படியானால் அவரும் பத்மா ஆற்றுத் தண்ணீர் குடித்தவர்தான்" என்று காக்கு சமையலறையிலிருந்து சத்தம் கொடுத்தார். ஒரு கல்லூரிப் பையன், இப்போது எங்கள் முன்களத்தில் ஆடும் டியாமன்டகோஸ் போன பருவத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு 13 கோல் போட்டதை எண்ணிக்காட்டினான். இன்னொருவர் 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியை எடுத்தார். சால்ட் லேக்கில் 1,31,781 பேர், மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தாவின் வைர வியூகத்தை உடைத்து எங்கள் பாய்ச்சுங் மூன்று கோல், 4-1. அந்தக் கூட்டத்தில் தானும் ஒருவன் என்றார். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகும் கையைக் கழுவாமல், விரலில் குழம்பு காய, அவர் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தோம்.

காசு கொடுக்கும்போது காக்குவிடம் கேட்டேன், ஜெயித்தால் ஞாயிற்றுக்கிழமை இலிஷ் உண்டா என்று. யோசிக்கவே இல்லை, தலையை ஆட்டிவிட்டார். "சரஸ்வதி பூஜைக்கு வா பாபா, ஜோடி இலிஷ் போடுகிறேன். ஜெயித்தாலும் வா, தோற்றாலும் வா."

நாளை போக நினைப்பவர்களுக்கு: ஆட்டம் இரவு ஏழரைக்கு. கடை பன்னிரண்டுக்குத் திறந்து மூன்று மணிக்கே சாத்திவிடுவார்கள், காக்குவும் மைதானத்துக்கு வருகிறார். சாப்பிட்டுவிட்டு பஸ் பிடித்து சியால்டா போய், அங்கிருந்து மெட்ரோவில் சால்ட் லேக் ஸ்டேடியம் நிலையத்தில் இறங்குவது நல்லது, சாலை வழியாகப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். டிஜிட்டல் பணம் வாங்குவார்கள், ஆனால் சந்துக்குள் சிக்னல் கிடைக்காது, கையில் 500 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். நான் பன்னிரண்டரைக்குப் பஞ்ச பாண்டவர் படத்துக்குக் கீழே இருப்பேன், சிவப்பு-மஞ்சள் சட்டையில், முதுகில் நந்தாவின் பெயர். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் இருக்கும்.